லைப்ரரித் தண்ணீர்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் உங்களில் யாரோ ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நம் ஊர்க் கிளை நூலகத்தில் கோடைக்கால ஓவிய முகாம். பிள்ளைகள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுகிறார்கள். மூலையில் ஒரு தண்ணீர் கேன் கவிழ்ந்து நிற்கிறது. அதற்குக் கீழே ஆளாளுக்கு, "நம்ம காலத்துல இதைவிட நல்லா இருந்துச்சு" என்று எழுதினீர்கள். பூப்படம் வைத்தீர்கள், கைகூப்பினீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு வந்த எரிச்சலைக் கட்டைவிரலால் தட்டி முடிக்கிற காரியமா அது? அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நம் காலம் எப்படி இருந்தது என்று எனக்கும் கொஞ்சம் நினைவிருக்கிறது.

அன்றைக்கு யாரும் நூலகம் என்று சொன்னதில்லை, லைப்ரரிதான். பாலக்கோட்டுச் சாலையை ஒட்டி இரண்டு அறை ஓட்டுக் கட்டடம். உள்ளே போனால் பழைய பேப்பர் வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். காலையில் பெரியவர்கள் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். வெளியே ஒரு புங்க மரம். சித்திரையில் அது பூவைக் கொட்டினால் நடக்கிற இடமெல்லாம் பொரி கொட்டின மாதிரி இருக்கும்.

லைப்ரரி சார் பாப்பாரப்பட்டியிலிருந்து சைக்கிளில் வருவார். புத்தகம் எடுத்துக் கொடுத்தோம், பூட்டினோம், போனோம் என்று இருக்கிற ஆள் இல்லை. தை மாதம் வாசலில் கோலப் போட்டி வைப்பார். கார்த்திகை மழையில் நூலக வாரம் வரும். கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி, எங்கள் படங்களைத் தொங்கவிடுவார். ஈரக்காற்றில் எல்லாப் படமும் சுருண்டுகொள்ளும். ஆனால் பெரிய கொண்டாட்டம் முழுப்பரீட்சை லீவில்தான். லீவு முழுக்கப் புங்க மரத்தடியில் படம் வரையலாம். தாளுக்குப் பழைய மாதக் காலண்டர். முன்பக்கம் சாமி, பின்பக்கம் நம் பிள்ளைகளின் கைவரிசை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசி மிஞ்சின பெயின்ட் டப்பாவைக்கூட வீடு வீடாகக் கேட்டு வாங்கி வைத்திருப்பார்.

"வரைந்தோம்" என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான் வரையவில்லை. என்னை விட்டால் அம்மாவோடு தக்காளி பறிக்க யார் போவது? தம்பியைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும்தான் எனக்கு லைப்ரரி வேலை. வரைந்தது அவன்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். லைப்ரரி முற்றத்தில் ஒரு அடிபம்பு இருந்ததே, நினைவிருக்கிறதா? அது வருவதற்கு முன்னால் ஊருக்கே படிக்கிணறுதான். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரால் வாந்திபேதி வந்து சில குழந்தைகள் போய்விட்டன. எங்கள் வீட்டிலும் ஒன்று போனது. எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி, பால்குடி மறக்காத பிள்ளை. அவனுக்கு அப்புறம் பிறந்தவன்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிற இந்தத் தம்பி. லைப்ரரி சார் அந்தச் சாவுகளைப் பார்த்து மனம் உடைந்து, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, ஆழ்துளை போடுகிற லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளைப் புழுதி பறந்தது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு நின்றது. தண்ணீர் பீறிட்டபோது அம்மா, தவழ்கிற வயதிலிருந்த தம்பியைத் தூக்கி அதில் நனைத்து எடுத்தாள். அவள் சிலுவை போட்டுக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பம்பில் ஊற்று கொஞ்சம்தான். அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள். ஒரு குடத்தை யார் குடிப்பது? எங்கள் வீட்டில் அதற்குப் பேச்சே நடக்கவில்லை. அப்பாவுக்கும் தம்பிக்கும் லைப்ரரித் தண்ணீர், அம்மாவுக்கும் எனக்கும் கிணற்றுத் தண்ணீர். நான் ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஏம்மா கெணத்துத் தண்ணி?"

"நீ கெட்டியானவடி. அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான வளந்த? உனக்கு என்னா ஆயிடுச்சு? எனக்கு என்னா ஆயிடுச்சு? அவன் ஒருத்தன் பொழச்சுக் கெடக்கணும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் பாசி நாறும், சில நாள் தலைப்பிரட்டை நெளியும். அம்மா முந்தானையில் வடிகட்டிக் கொடுப்பாள். தம்பிக்கு மட்டும் லைப்ரரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, மூடி போட்டுத் தனிச் செம்பில் இருக்கும். அந்தச் செம்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சொல்ல வந்த லீவு, தம்பி மூன்றாம் வகுப்பு முடித்த லீவு. அவன் முட்டி இரண்டையும் உள்ளே மடித்து, பாதத்தை இரண்டு பக்கமும் பரப்பி, தவளை போல உட்கார்ந்துதான் வரைவான். அப்படி உட்கார்ந்தான் என்றால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டான். அப்பா பாலக்கோடு மண்டியில் தக்காளி இறக்குகிறவர். அவர் கூடை தூக்கிக் குனிகிற விதத்தை அவன் ஒரே கோட்டில் போட்டுக் காட்டுவான். பக்கத்து வீட்டு நொண்டி ஆட்டை வரைந்தால் அது நொண்டுவது தெரியும். அவனுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. லைப்ரரி சார் மட்டும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இவன் எங்கியோ போவப் போறான் பாரு" என்பார்.

அந்த லீவில் பக்கத்து ஊரில் மறுபடியும் பேதி கிளம்பியிருந்தது. சார் பதறிப்போனார். மயிலும் மலையும் வரைந்தது போதும், இந்த முறை நல்ல தண்ணீரைப் பற்றி வரையுங்கள் என்றார். பிள்ளைகள் வந்ததும் முதலில் பம்பில் வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று வேறு சொன்னார். தம்பி ஒரு படம் போட்டான். அடிபம்பு, அதன் வாயில் குனிந்து குடிக்கிற ஒரு பையன், மோவாயில் வழிகிற தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தொண்டை வறளும். "ஆழ்குழாய் நீரே அருமருந்து" என்று மேலே சார் தன் கையால் எழுதினார். மற்ற பிள்ளைகளெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப், மாதா கோயில் சுவர் என்று ஊர் முழுக்கக் கஞ்சிப் பசையில் ஒட்டினோம். அதைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இன்னும் சில வீடுகள் பம்பில் சண்டை போட்டுக் குடம் வைத்தன.

லீவு முடிகிற சமயத்தில் பரிசு விழா. நான்கு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேடை. அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள். அப்பா மண்டியிலிருந்து நேராக, தக்காளிக் கறை படிந்த சட்டையோடு வந்து பின்னால் நின்றார். முதல் பரிசு என்று தம்பி பேரைக் கூப்பிட்டார்கள். அவன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து, எல்லோரும் பார்க்க, மேடைக்கு நடந்தான்.

அவன் நடப்பதை நாங்கள் தினமும்தான் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்ததால் பார்க்கவில்லை. அன்றைக்குத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. முட்டி இரண்டும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு, கணுக்கால் இரண்டும் விலகி விலகிப் போயின. பெஞ்சின் மேல் ஏறக் காலைத் தூக்க முடியாமல் கையை ஊன்றினான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது யார் என்று எனக்குத் தெரியும், உங்களில் ஒருவர்தான். போகட்டும், நாமெல்லாம் சின்னப் பிள்ளைகள். அம்மா சிரிக்கவில்லை. என் கையை நகம் பதியப் பிடித்தாள். "எப்படிடீ இப்படி ஆச்சு, எப்ப ஆச்சு?" என்றாள்.

பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். தம்பி பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். சார் அதில் பம்புத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் குடிக்கச் சொன்னார். அவன் குடித்தான், கைதட்டினோம். அந்த டம்ளரைப் பிற்பாடு அம்மா ஒரு பிளாஸ்டிக் கூடைக்காரனிடம் போட்டுவிட்டாள். எப்போது என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாளே அரூர்ப் பக்கமிருந்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரை அழைத்து வந்தார்கள். அவர் தம்பியின் முட்டியை அழுத்திப் பார்த்தார்.

"பையன் எந்நேரமும் கீழ ஒக்காந்தே கெடக்கறானா?"

"ஆமாங்க. லீவு பூரா லைப்ரரியில ஒக்காந்து பொம்ம வரையறாங்க," என்றாள் அம்மா.

"எப்படி ஒக்காருவான்?"

தம்பி உட்கார்ந்து காட்டினான். பாவம், நன்றாகவே உட்கார்ந்து காட்டினான்.

"அதாம்மா. இப்படி மடிச்சு மடிச்சு ஒக்காந்தா பிஞ்சு எலும்பு அப்படியேதான் வளையும். இனிமே தரையில ஒக்கார வுடாதீங்க. அந்தப் படம் கிடம் எல்லாம் ஆவாது."

எல்லாம் பொருந்தி வந்தது, பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படித்தான் உட்கார்ந்தான், அப்படியேதான் வளைந்திருந்தது. யாருக்கு வேறு சந்தேகம் வரும்? கால் வளைந்ததால்தான் அப்படி உட்கார்ந்தானோ என்று கேட்க அங்கே ஆள் இல்லை. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து, இரண்டு காலையும் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். அவன் அலறியது தெருமுனை வரை கேட்டது. அப்பா அவனுடைய கலர்க் கட்டிகள், பிரஷ், சேர்த்து வைத்திருந்த காலண்டர் தாள் எல்லாவற்றையும் சுருட்டி அடுப்பில் வைத்தார். அப்பா முரடர் இல்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

செய்தி தெரிந்து லைப்ரரி சார் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் கிடந்த தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"புள்ளைங்களுக்குப் பெஞ்சு கேட்டு ஆபீசுக்கு எழுதறன். மேல ஒக்காந்து வரையட்டுங்க," என்றார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் அப்பா. "உங்க மேல கோவம் இல்லீங்க. பையனுக்குப் படம் வேணாங்க. காலு நேரா இருந்தாத்தான் நாளைக்கு மண்டியில கூடையாச்சும் தூக்குவான்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். தன்னால்தான் வந்தது, தான்தான் பிள்ளையைத் தரையில் உட்கார வைத்தோம் என்று நம்பிவிட்டார். எழுந்துகொண்டே சொன்னார். "அப்ப ஒண்ணு மட்டும் செய்யறங்க. தெனம் சாயந்திரம் பையனுக்கு நானே பம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்துடறன். ஒடம்பு முடியாத புள்ள. கெணத்துத் தண்ணி ஏதும் பட்டுடப் போவுது."

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கப்புறம் தினமும் சைக்கிள் கேரியரில் ஒரு வெள்ளைக் கேனைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் இறக்கிவிட்டுத்தான் பாப்பாரப்பட்டிக்குப் போவார். வெயிலாக இருந்தாலும் வருவார், மழையாக இருந்தாலும் வருவார். தருமபுரி டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார். அம்மா பிள்ளையைக் கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தாள்.

ஒரு மத்தியானம் தம்பியும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவன் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அக்கா, ஒக்காந்து வரைஞ்சாத்தான காலு வளையும்? படுத்துக்கிட்டு வரைஞ்சா?"

அம்மா வந்ததும் கேட்டேன். "வரையறதே வேணாம்னு சொல்லியாச்சில்ல, அவன்தான் கேக்கறான்னா உனக்கு எங்க போச்சு புத்தி?" என்று என்னை அடித்தாள். தம்பி அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாகச் சூம்பியிருந்தது. வளைவு முன்னைவிட அதிகம். அம்மா மாதா கோயிலில் மெழுகில் செய்த இரண்டு கால் வாங்கி வைத்தாள். அந்த மெழுகுக் கால்கள் நேராக இருந்தன.

கதை சொல்கிறவர்கள் போல விஷயத்தை மறைத்து வைத்து இழுக்க எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். உங்களில் பாதிப் பேருக்கு முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு, காப்பியால் வந்தது என்று சொல்லிக்கொள்கிறீர்கள். காப்பி இல்லை. லைப்ரரிப் பம்பில் நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்று குடித்ததுதான் அது. பல்லோடு தப்பியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தம்பிக்கு எலும்புக்குள் போய்விட்டது. தவழும் வயதிலிருந்து அவனுக்கு வேறு தண்ணீரே கொடுக்கவில்லையே.

அது வெளியே தெரிய வருவதற்குள் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. அப்பாவுக்குக் கழுத்து இறுகிப்போய், கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். மண்டியில் சுமந்த சுமை என்றார்கள். நான் கல்யாணமாகி அரூரில் இருந்தேன். நூலக வாரத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது, லைப்ரரியில் படங்கள் தொங்குகிற நேரத்தில் தண்ணீர் சோதிக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் ஜீப்பில் வந்தார். அதற்கு முன்பே ஒருமுறை வந்து, பம்புத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருந்தாராம். வந்திருந்த எல்லோரையும் உட்கார வைத்து, நிதானமாகச் சொன்னார்.

"இது ஃப்ளோரைடுங்க. பூமிக்குள்ள பாறையில இருக்கறது, தண்ணியில கரைஞ்சு வருது. இந்தப் பம்புல ரொம்ப அதிகம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வெச்சாலும் போவாது. வளர்ற புள்ளைங்களுக்குப் பல்லு கெடும், எலும்பு வளையும். இதை இனிமே யாரும் குடிக்கக் கூடாது."

அம்மாதான் எழுந்து கேட்டாள். "அப்ப கெணத்துத் தண்ணிங்க?"

"அதுல இது கம்மிதாம்மா. அதுல கிருமிதான் பிரச்சனை. காய்ச்சிக் குடிச்சாப் போதும்."

லைப்ரரி சார் புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மேடம் சிவப்பு பெயின்ட் டப்பா கொண்டுவந்திருந்தார், குடிக்கக் கூடாத பம்புக்கு அடையாளமாகப் பூச. சார் அந்த டப்பாவையும் பிரஷையும் வாங்கிக்கொண்டு, கம்பு ஊன்றி உட்கார்ந்திருந்த தம்பியிடம் வந்தார்.

"நீ எழுதுப்பா. 'குடிக்க உதவாது'ன்னு பெருசா எழுது. உன்னாட்டம் கை இந்த ஊர்ல யாருக்கும் கெடையாது."

தம்பி வெகுநேரம் பிரஷைப் பார்த்தான். பிறகு எழுந்து, கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, பம்பின் சிமென்ட் மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எழுதினான். எழுத்து ஒன்றுகூட நேராக வரவில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பெயின்ட் வழிந்தது. நூலக வாரத்துக்கு வந்திருந்த சின்னப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கை வுட்டுப் போச்சுங்க சார்," என்று பிரஷைத் திருப்பிக் கொடுத்தான். சார் அந்தப் பம்பு மேடையிலேயே உட்கார்ந்து அழுதார். தம்பி அழவில்லை. இன்றைக்கும் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரீசார்ஜ் கடையில் உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த வழியாகப் போகிறவர்கள் கவுண்டருக்கு மேலே தெரிகிற அவன் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். கவுண்டரில் பேனா கட்டித் தொங்குகிறது. கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவன் அதைத் தொடுவதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மகனைக் கொன்ற தண்ணீர் என்று ஒன்றை ஒதுக்கி, மகனைக் காக்கிற தண்ணீர் என்று இன்னொன்றைத் தேடித் தேடிக் கொடுத்தவள். அவளைக் குற்றம் சொல்ல என் வாய் வராது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். நேராக இருக்கிற முழங்கால். அதைத் தடவிக்கொண்டே அழுதாள்.

"தெரியாமப் போச்சேடி. இது மட்டும் தெரிஞ்சிருந்தா, அந்தத் தண்ணிய உனக்குக் குடுத்துட்டு, அவனுக்குக் கெணத்துத் தண்ணிய வெச்சிருப்பனே."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்லி ஆற வேண்டிய துக்கம் என்றுதான் நினைத்தாள். "அழுவாதம்மா" என்று சொல்லி, அவள் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.